தேசிக்காய்க்கு எழும்பும் சேர்வர்

கீரிக் கடற்கரையில் செத்தது எழும்புவதைப் பார்க்க ஆசையா? சிங்கராசா வருகிற நாளில் வாருங்கள். நுழைவுச்சீட்டுக் கிடையாது. கையில் ஒரு நல்ல மீன் இருந்தால் போதும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே நீலத்திரை மீனவர் சங்கத்து வாசலில் நூற்றைம்பது பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கான். கானில் எண்ணெய் இல்லை. தூக்கி வந்தவர்களிடம் நம்பிக்கை மட்டும் வழிந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, படகுகள் கரையில் கிடந்தன, கடலில் மீன்கள் நிம்மதியாக இருந்தன. மூன்று கழுதைகளும் வந்திருந்தன. அவை எதையும் நம்பி வரவில்லை. சங்கத்து வேலியோரம் கொஞ்சம் புல் இருந்தது, அவ்வளவுதான்.

"மாஸ்டர் மன்னார் பஸ் ஸ்ராண்டைத் தாண்டிட்டாராம்!" என்று ஒருவர் போனைக் காதில் வைத்தபடி கத்தினார். கூட்டம் பெருமூச்சு விட்டது.

மாஸ்டர் சிங்கராசாவின் புகழ் கொஞ்ச நஞ்சமில்லை. முள்ளிக்குளத்தில் கிணற்றுக்குள் விழுந்த லப்டொப் ஒன்று அவர் கை வைத்ததும் பாட்டுப் பாடியதாம். மன்னார்ப் பட்டினத்தில் ஒரு கடைக் கமெராவில் வெள்ளையாய் ஒரு பேய் தெரிந்துகொண்டே இருந்ததாம். மாஸ்டர் வந்து மூன்று தரம் ஊதினாராம், பேய் போய்விட்டதாம். ஊதினால் தூசியும் போகும் என்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இந்தக் கூட்டத்தைச் சங்க மண்டபத்துக்குள் இருந்து யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஸஜானா. சங்கத்தில் கொம்பியூட்டர் வேலை அவளுடையது. மாதம் முடிந்தால் அவள் கொண்டு போகிற சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. வாப்பா றஊப் படகில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு ஒரு வருடமாகப் படுக்கையில் கிடந்தார்.

சங்கத்தின் கதை இதுதான். முன்பெல்லாம் படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கொடுப்பது கொப்பியைப் பார்த்து. கொப்பியில் பெயர் இருந்தால் எண்ணெய். செத்துப்போன தகப்பன்மார் பலர் மாதாமாதம் தவறாமல் வந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதை நிறுத்தத்தான் விரல்ரேகைப் பெட்டி வந்தது. வாசலில் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் பெருவிரலை வைத்தால், உள்ளே இருக்கும் சேர்வர் கொம்பியூட்டர் ஆளை அடையாளம் கண்டு துண்டு அடித்துக் கொடுக்கும். துண்டில்லாதவனுக்கு எண்ணெய் இல்லை. எண்ணெய் இல்லாதவனுக்குக் கடல் இல்லை. பெட்டி வந்த நாளில் இருந்து செத்தவர்கள் எண்ணெய் வாங்குவது நின்றது. ஆனால் பெட்டி சாகத் தொடங்கிவிட்டது.

ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரித்தான். கரண்ட் போகும், வரும். மின்விசிறி சுற்றும், திரை வெளிக்கும், பெட்டியை இயக்கும் லினக்ஸ் எழும்பும். எண்ணெய் மென்பொருள் மட்டும் எழும்பாது. திரையில் சிவப்பாக நாலைந்து வரி ஆங்கிலம் வந்து நிற்கும். பெட்டியைப் பொருத்திக்கொடுத்த கொழும்புக் கம்பனிக்குப் போன் எடுத்தால் அழகான சங்கீதம் கேட்கும். சங்கீதத்தோடு சரி.

அப்படியொரு நாளில்தான் யாரோ சிங்கராசாவைக் கூட்டி வந்தார்கள். கொழும்பில் போன் திருத்துகிற கடையில் மூன்று வருடம் இருந்தவர். வெள்ளைச் சேட்டு, கழுத்தில் ஹெட்போன், மணிக்கட்டில் நீல நூல். பெட்டியைச் சுற்றி வந்தார், முகர்ந்தார், கண்ணை மூடினார்.

"உங்களுக்கு விளங்கேல்லை," என்றார். "கைரேகை எண்டால் என்ன? மனுசன்ரை விதி. நானூறு பேற்றை விதியை ஒரு பெட்டிக்குள்ளை ஊத்தியிருக்கிறியள். அவங்கடை பாவம், கிரகம், கடன், கண்ணூறு எல்லாம் உள்ளை போகுது. பெட்டி என்ன செய்யும் பாவம்? மயங்கி விழுகுது!"

கூடி நின்ற எல்லாரும் தங்கள் பெருவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மற்றவனின் விரலையும் பார்த்தான். பெட்டியை வீழ்த்தியது எவனுடைய பாவம் என்பது பற்றி ஊருக்குள் ஒரு கிழமை பேச்சு நடந்தது.

பங்குத்தந்தை கோயிலில் இது வேண்டாம் என்றார். மௌலவி பள்ளியில் இது வேண்டாம் என்றார். சனம் இரண்டு பக்கமும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு சிங்கராசாவிடம் வந்தது. இந்த ஒரு விசயத்தில் எங்கள் கரையில் சமய வேறுபாடே கிடையாது.

இன்றும் அவர் வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பையில் இருந்து மூன்று தேசிக்காய் (எலுமிச்சை), ஒரு பிடி உப்பு, செத்தல் மிளகாய், சின்ன மணி, எல்லாம் வெளியே வந்தன. பெட்டியின் தலையில் உப்பு. நாலு மூலையிலும் மிளகாய். மவுசில் ஒரு நீல நூல். பிறகு அந்தப் புகழ்பெற்ற கட்டளை.

"எல்லாரும் கடலைப் பாருங்கோ! பெட்டிக்கு உசிர் திரும்பேக்கை மனுசக் கண் படப்படாது. பட்டால் எனக்கு ஒண்டுமில்லை. உங்கடை வலைக்குத்தான்!"

கடலுக்குப் போகிறவனைப் பின்னால் நின்று கூப்பிடக்கூடாது, எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது, முதல் வலைமடியில் வந்த மீனை எண்ணக்கூடாது என்று வாழ்கிற கரை இது. ஏன் கூடாது என்று கேட்டவன் கிடையாது. அந்தக் கூடாதுகளோடு இன்னொன்றைச் சேர்த்துவிட எவ்வளவு நேரம்? நூற்றைம்பது முதுகுகள் சங்கத்துக்குத் திரும்பின. உள்ளே தலைவி மாக்கிறட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பினார். ஸஜானாவும் திரும்பினாள்.

மணி அடித்தது. மந்திரம் தொடங்கியது. அது எந்த மொழி என்று இன்றுவரை தெரியாது. தேசிக்காய் வெட்டுப்பட்ட வாசம் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, மந்திரத்துக்கு அடியில், மெல்லிசாக.

டக் டக் டக். டக் டக்.

ஸஜானாவின் காது நிமிர்ந்தது. மூன்று வருடமாக நாள் முழுக்க அவள் கேட்கிற சத்தம் அது. மந்திரம் வாயால் சொல்வது. கீபோட்டில் விரலுக்கு என்ன வேலை?

"திரும்புங்கோ!" என்றார் சிங்கராசா. திரும்பினார்கள். மென்பொருள் எழும்பியிருந்தது. வாசலில் ஜெனோஜன் என்கிற பெடியன் பெருவிரலை வைக்க, கிர்ரென்று துண்டு வந்தது. கைதட்டல், விசில். "மாதாவே!" என்று ஒரு குரல், "அல்லாஹு அக்பர்!" என்று இன்னொரு குரல். சிங்கராசாவின் ஐஸ் பெட்டிக்குள் அறுக்குளா மீனும் சிங்க இறாலும் தாமாகவே போய்ப் படுத்துக்கொண்டன.

வழமையாக அதோடு அவர் போய்விடுவார். அன்று போகவில்லை. ஸஜானாவின் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மவுஸ் இடப்பக்கம் இருந்தது. அதன் மேல் அவளுடைய இடக்கை.

"எத்தினை தரம் கழிச்சாலும் ஏன் திரும்பத் திரும்ப விழுகுதெண்டு இப்பத்தான் எனக்குத் தெரியுது," என்றார் மெதுவாக. மெதுவாகச் சொன்னால்தான் எல்லாருக்கும் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். "இடக்கை. பெட்டியை இடக்கை ஆளுது. இந்தக் கை இருக்கிற வரைக்கும் இது நிலைக்காது."

சனம் யன்னலால் எட்டி அவளுடைய கையைப் பார்த்தது. இடக்கையால் எழுதியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடிமட்டத்தால் வாங்கிய அடியெல்லாம் ஸஜானாவுக்கு ஒரே நேரத்தில் திரும்ப வலித்தது. கையை மேசைக்கு அடியில் ஒளித்தாள். ஒளித்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மாக்கிறட் ஐம்பத்தைந்து வயது மனுசி. இரண்டு படகுக்குச் சொந்தக்காரி. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை. ஆனால் அன்று அவரும் குரலைத் தணித்தார்.

"பிள்ளை, எனக்கு இதிலை பெரிய நம்பிக்கை இல்லை. ஆனா சனம் ஒரே பிடியா நிக்குது. மாஸ்டர் தன்ரை மருமகள் ஒண்டு கொம்பியூட்டர் படிச்சிருக்கிறாள் எண்டு சொல்லுறார். சனிக்கிழமை கூட்டத்திலை முடிவெடுப்பம்."

"அவ வலக்கையோ அக்கா?"

"ஓமாம்."

"நல்லது," என்றாள் ஸஜானா. அழுகையை பஸ் ஏறும் வரைக்கும் வைத்திருந்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் றமீஸ். வாப்பாவோடு பதினைந்து வருடம் ஒரே படகில் போன கூட்டாளி. நல்ல மனிசன். எதையும் முழுதாக நம்புகிற மனிசன்.

"மனம் நோகாதை தங்கச்சி. உன்னிலை பிழையில்லை, கையிலைதான் பிழை. மாஸ்டர் சொன்னால் சரியாத்தான் இருக்கும். பெட்டி எழும்பினதை நான் ரெண்டு கண்ணாலையும் கண்டனான்."

"றமீஸ் நானா, நீங்கள் கடலையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

றமீஸ் யன்னலால் வெளியே பார்த்தார். இறங்குகிற வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, ஸஜானா கதவைச் சாத்திக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சோற்றுப் பார்சலை அவிழ்க்கவில்லை. மென்பொருளின் பதிவில் அந்தச் சிவப்பு வரிகளைத் தேடி எடுத்தாள். இத்தனை நாளும் எல்லாரும் அதைப் பார்த்துப் பயந்தார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை. அவளும்தான். அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வாசித்தால், அதில் விதியும் இல்லை, கிரகமும் இல்லை. மிக மரியாதையாக ஒரே ஒரு விசயம் எழுதியிருந்தது. 'விரல்ரேகை லைப்ரரி எனக்கு வேண்டும். நீங்கள் தேடச் சொன்ன இடங்களில் தேடினேன். அங்கே இல்லை.'

அந்த எண்ணெய் மென்பொருள் ஜாவாவில் எழுதியது. அதற்குத் தானாகப் பெருவிரலைப் படிக்கத் தெரியாது. ரேகைக் கண்ணாடியோடு பேசத் தெரிந்த இன்னொரு சின்னக் கோப்பு துணைக்கு வேண்டும். அதைத்தான் லைப்ரரி என்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் மென்பொருள் கையை விரித்துவிடும்.

கோப்பு அழிந்துவிட்டதோ? தேடினாள். அது தன் கோப்புறையில் சுகமாக இருந்தது. இந்தப் பெட்டிக்குப் பொருந்தாத ரகமோ? பார்த்தாள், பொருந்துகிற ரகந்தான். திறந்து வாசிக்க அனுமதி இல்லையோ? இருந்தது. அதற்கும் ஏதாவது துணை வேண்டி, அந்தத் துணை காணாமல் போயிற்றோ? எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அப்படியானால் குறை கோப்பில் இல்லை. கோப்பு எங்கே இருக்கிறது என்று யாரோ சொல்ல மறந்திருக்கிறார்கள். கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வா என்று அனுப்பிவிட்டு, கடை எந்தத் தெருவில் என்று சொல்லாத மாதிரி.

பிறகு ஏன் சில நேரம் எழும்புகிறது? அதையும் வியாழக்கிழமை கண்டுபிடித்தாள். ஓர் ஆள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழையும்போது பெட்டி வாசிக்கிற கோப்பு ஒன்று. அதில் அந்த இடம் எழுதியிருந்தது. கரண்ட் வந்து பெட்டி தானாக எழும்பும்போது வாசிக்கிற கோப்பு வேறொன்று. அதில் எழுதியிருக்கவில்லை. கம்பனிக்காரன் ஒன்றில் எழுதிவிட்டு மற்றதில் மறந்துபோய் பஸ் ஏறிவிட்டான். ஆகவே கரண்ட் எழுப்பினால் எழும்பாது. ஆள் உள்ளே நுழைந்து ஒரு கட்டளை தட்டினால் எழும்பும். கடவுச்சொல்லோ, கீபோட்டின் அடியில் கம்பனிக்காரன் ஒட்டிய துண்டில் கொட்டை எழுத்தில் இருந்தது.

இவ்வளவுதான். ஒரு வரி. ஸஜானா அந்த வரியைச் சரியான கோப்பில் எழுதினாள். பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டாள். ஒரு மந்திரமும் இல்லாமல் மென்பொருள் எழும்பி உட்கார்ந்தது. அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

இதை யாரிடம் சொல்வது? செவ்வாய்க்கிழமை வெட்டின தேசிக்காய் இன்னும் பெட்டியின் தலையில் காய்ந்துகொண்டிருந்தது. பெட்டி இனி விழாவிட்டால் அந்தத் தேசிக்காயின் சக்தி என்பார்கள். அவளை அனுப்பிய பிறகும் விழாவிட்டால், பார்த்தாயா, இடக்கை போனதும் சரியாகிவிட்டது என்பார்கள். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் மாஸ்டருக்கே வெற்றி. மோசடியின் அழகே அதுதான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த டக் டக் சத்தம் நினைவுக்கு வந்தது. உள்ளே நுழைந்து யார் என்ன தட்டினாலும் நாளோடும் நேரத்தோடும் பெட்டி எழுதி வைத்திருந்தது. பெட்டிக்குக் கடலைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க மாஸ்டர் மறந்துவிட்டார். ஸஜானா வாசிக்க வாசிக்க, அழுகை வந்த கண்ணில் வேறொன்று வந்தது. முழுவதையும் அச்செடுத்து மடித்துப் பையில் வைத்தாள். சனிக்கிழமை காலை, கூட்டத்துக்கு முன்னால், தான் எழுதிய வரியைத் திரும்ப அழித்துவிட்டாள்.

கூட்டத்துக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. சிங்கராசா முன்வரிசைக் கதிரையில். பக்கத்தில் அவருடைய மருமகள் தனுசியா, புதுச் சட்டையும் புதுக் கொப்பியுமாக, வேலை கிடைத்துவிட்டது என்ற வெட்கத்தோடு.

மாக்கிறட் தொண்டையைச் செருமுவதற்குள் ஸஜானா எழும்பினாள். குரல் நடுங்கவில்லை.

"ஒரே ஒரு விசயம் கேக்கிறன். இப்பவே மெயின் சுவிச்சை நிப்பாட்டிப் போடுங்கோ. பெட்டி விழும். மாஸ்டர் எழுப்பட்டும். எழும்பினால் நீங்கள் ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை, நானே போறன்."

"அதுக்கென்ன!" என்றார் சிங்கராசா.

"ரெண்டு நிபந்தனை. ஒருத்தரும் கடலைப் பாக்கப்படாது. மற்றது, மாஸ்டர் மந்திரம் சொல்லி முடியிற வரைக்கும் கீபோட் மாக்கிறட் அக்காவின்ரை மடியிலை இருக்கோணும்."

சிங்கராசாவின் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. "சாஸ்திரத்தை விளையாட்டாக்கப்படாது," என்றார்.

ஆனால் அவரை அவருடைய பக்தர்களே மாட்டிவிட்டார்கள். "மாஸ்டருக்கு இதெல்லாம் ஒரு காரியமோ! செய்து காட்டுங்கோ மாஸ்டர்!" என்று ஜெனோஜன் விசிலடித்தான். முன்னூறு கண்ணும் பெட்டியைப் பார்த்தன. கடலை அன்று ஒரு கழுதைதான் பார்த்தது.

றமீஸ் மெயின் சுவிச்சை நிறுத்தித் திரும்பப் போட்டார். திரையில் சிவப்பு வரிகள் வந்து நின்றன. மாக்கிறட் கீபோட்டைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார்.

மணி அடித்தது. மந்திரம் ஓடியது. ஒரு தேசிக்காய் வெட்டுப்பட்டது. சிவப்பு வரிகள் அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. சேட்டு முதுகில் ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது தேசிக்காயில் விரலும் கொஞ்சம் வெட்டுப்பட்டது.

"இடக்கைக்காரி உள்ளுக்கை நிக்கிறாள். அதுதான்!" என்றார் சிங்கராசா.

ஸஜானா வெளியே போய் யன்னலுக்கு அப்பால் நின்றாள். ஆறாவது தேசிக்காய். ஒன்றுமில்லை.

"கண் படுது. எல்லாரும் திரும்புங்கோ!"

"வலை பிஞ்சால் என்ரை வலை பியட்டும்," என்றார் மாக்கிறட். "நான் பாக்கத்தான் போறன். நீங்கள் சொல்லுங்கோ மாஸ்டர்."

சிங்கராசா வியர்வையைத் துடைத்தார். பிறகு, பழக்க தோசத்தில், கையை நீட்டினார். "அந்தக் கீபோட்டை ஒருக்காத் தாங்கோ அக்கா. பெட்டியோடை ஒரு தொடுப்பு வேணும்."

யன்னலுக்கு வெளியே இருந்து ஸஜானாவின் குரல் வந்தது. "அப்ப பெட்டியை எழுப்பிறது தேசிக்காயோ, கீபோட்டோ?"

நூற்றைம்பது தலைக்குள்ளும், நெடுநாள் பூட்டிக் கிடந்த ஒரு அறை திறக்கிற சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"றமீஸ் நானா," என்றாள் ஸஜானா. "நீங்கள் போய்க் கீபோட்டுக்கு முன்னாலை இருங்கோ. நான் உள்ளை வரேல்லை. சொல்லச் சொல்லத் தட்டுங்கோ."

"நானோ? எனக்கு இங்கிலீசு தெரியாது பிள்ளை!"

"எழுத்துத் தெரியுந்தானே?"

வலை கட்டிக் காய்த்துப்போன ஒற்றை விரலால் றமீஸ் தட்டினார். ஒவ்வோர் எழுத்தையும் ஊரே சேர்ந்து தேடிக் கொடுத்தது. "அந்தா, அந்தா, கீழ் வரியிலை!" ஒரு வரிக்குப் பத்து நிமிடம். "இப்ப சுவிச்சை நிப்பாட்டிப் போடுங்கோ," என்றாள்.

கரண்ட் போனது, வந்தது. திரை வெளித்தது. சிவப்பு வரி வரவில்லை. ஜெனோஜன் ஓடிப்போய்ப் பெருவிரலை வைத்தான். கிர்ரென்று துண்டு வந்தது.

"ஆனா," என்றான் ஜெனோஜன் துண்டைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டரின்ரை ஆறு தேசிக்காயும் இன்னும் உள்ளைதானே கிடக்குது? அதின்ரை சக்தியாயும் இருக்கலாம்."

இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைக் கோபிக்கக்கூடாது, கேட்டானே, அதுவே பெரிது. மாக்கிறட் எழும்பினார். தேசிக்காய், உப்பு, மிளகாய், மவுசில் கட்டியிருந்த நீல நூல் எல்லாவற்றையும் கூட்டி வாரி மற்ற யன்னலால் வீசினார். ஒரு கழுதை வந்து தேசிக்காயை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போனது. அதற்காவது விவரம் இருந்தது.

"போடு சுவிச்சை," என்றார் மாக்கிறட். பெட்டி எழும்பியது. "இன்னொருக்காப் போடு." எழும்பியது.

அதன் பிறகுதான் ஸஜானா உள்ளே வந்து பைக்குள் இருந்த தாள்களை எடுத்தாள். "மாஸ்டர் வந்த ஒவ்வொரு நாளும் நாங்கள் கடலைப் பாக்கேக்கை, இந்த ஒரே கட்டளையைத் தட்டியிருக்கிறார். பதினொரு நாள். பதினொரு தரம். அச்சொட்டாய் ஒண்டு." அதை எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

"ஓம், ஓம்!" என்று தனுசியா கொப்பியைத் திறந்துகொண்டு சந்தோசமாகச் சொன்னாள். "அதைத்தான் மாமா எனக்கும் எழுதித் தந்தவர். கரண்ட் போய் வந்தால் இதைத் தட்டு, எழும்பும், ஆனா ஒருத்தரும் பாக்கப்படாது எண்டவர். சரிதானே மாமா?"

மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேர்மையான பிள்ளையைப் போய் மோசடிக்குப் பழக்கினால் இதுதான் கதி.

"இன்னும் ஒண்டிருக்கு," என்றாள் ஸஜானா. அவளுடைய குரல் இப்போதுதான் நடுங்கியது, கோபத்தில். "போன மாசம் பதினெட்டு நாள் கரண்ட் போகேல்லை. பெட்டி விழேல்லை. அப்ப ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டர் சும்மா சுகம் விசாரிக்க வந்து, ஆசீர்வாதம் பண்ணிறன் எண்டு எங்களைக் கடலைப் பாக்கச் சொன்னவர். நினைவிருக்கோ? அண்டைக்கு அவர் தட்டினது இது. ஒரு மணித்தியாலம் கழிச்சுத் தானா நிண்டு திரும்பத் தொடங்கு எண்டு பெட்டிக்குச் சொல்லியிருக்கிறார்."

கூட்டம் யோசித்தது. அந்த வெள்ளிக்கிழமை, தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே பெட்டி விழுந்ததும், மாஸ்டர் அப்போதுதான் தற்செயலாகப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்ததும், அன்று எல்லாருமாகச் சேர்ந்து அவருக்கு அனுப்பிய மீனின் அளவும் ஒவ்வொருவருக்கும் ஒழுங்காக நினைவுக்கு வந்தன.

"என்ரை அறுக்குளா!" என்றார் ஒருவர். அது போதுமாயிருந்தது. கதிரைகள் பின்னால் நகர்ந்தன.

சிங்கராசா யாரும் தொடுவதற்குள் வெளியே போய்விட்டார். மோட்டார் சைக்கிள் மூன்று உதைக்கும் ஸ்ராட் எடுக்கவில்லை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அவர் தேசிக்காய் வெட்டவில்லை, மணி அடிக்கவில்லை, கடலைப் பார்க்கவும் இல்லை. குனிந்து பெற்றோல் குழாயைத்தான் திருகிப் பார்த்தார். தன் வண்டி என்று வந்தால் மாஸ்டரும் பகுத்தறிவுவாதிதான்.

மாக்கிறட் ஸஜானாவுக்கு முன்னால் வந்து நின்றார். "பிள்ளை, வேலை உன்ரைதான். அதை விடு. ஒரு பிள்ளையின்ரை கையைப் பாத்துக் கதைக்க விட்டிட்டு நானும் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டனே. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கோணும்," என்றார். மண்டபம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார், எஞ்சினுக்கு மேலால் கத்துகிற அதே குரலில். ஸஜானாவுக்கு இந்த முறை அழுகையை வைத்திருக்க முடியவில்லை.

கதையை இத்தோடு முடித்திருக்கலாம். எங்கள் சனம் விடாது.

கூட்டம் கலைகிற நேரம் ஜெனோஜன் மெல்ல அவளிடம் வந்தான். பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். எல்லார் முகத்திலும் ஒரு புதிய பக்தி.

"அக்கா, எங்களுக்கு இப்பத்தான் விளங்குது. மாஸ்டர் தலைகீழாச் சொல்லிப்போட்டார். ராசியான கையே உங்கடை இடக்கைதான். என்ரை எஞ்சின் ரெண்டு நாளா ஸ்ராட் எடுக்குதில்லை. அந்தக் கையை அதிலை ஒருக்கா வைச்சு விடுவியளோ?"

ஸஜானா அவனைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். அந்த வரிசையில் றமீஸ் நானாவும் நின்றார், உடைந்த ரேடியோவோடு.

"எஞ்சினின்ரை பிளக்கைக் கழட்டிப் பாத்தனியோ?"

"இல்லையக்கா."

"போய்ப் பார்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எண்ணெய்க்குப் பெருவிரலைக் குடுங்கோ, அது சங்கத்துச் சட்டம். தலையை ஒருத்தருக்கும் குடுக்காதையுங்கோ. எனக்குந்தான்."